ரத்தக் குறைவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லீங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவ. எனக்கு நடந்ததைத்தான் சொல்றேன்.

ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்போ எனக்கு ரத்தம் 9 புள்ளி. கர்ப்பிணிக்கு 11, மத்த பெண்களுக்கு 12 இருக்கணும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. மலம் கருப்பா போகுதுன்னு பயந்து அதை வாழை மரத்தடியில புதைக்கிறவங்க நம்மில் உண்டு. சிரிக்காதீங்க, யாருன்னு எனக்குத் தெரியும். நான் ஒரு நாள்கூட விடாம முழுங்கினேன். ரெண்டு மாசம் கழிச்சும் அதே 9. "மாத்திரை சாப்பிடாம பொய் சொல்றே"ன்னு ஒருத்தங்க திட்டினாங்க. அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் வேற ஒரு டாக்டரம்மா ரத்த அணுவோட அளவைப் பார்த்தாங்க. அணு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. இரும்புச்சத்து குறைஞ்சாலும் அப்படித்தான் இருக்குமாம். ஆனா எனக்கு இரும்புச்சத்து சரியா இருந்துச்சு. ஹீமோகுளோபின் வகை பிரிக்கிற டெஸ்ட்ல தலசீமியா கூறு இருக்குன்னு வந்துச்சு. அது நோய் இல்லை, பிறவியிலேயே வந்த கூறு. அரிவாள் செல் ரத்தசோகையும் இப்படி வழிவழியா வர்றதுதான். நம்ம நாட்டுல அதை முதல்ல கண்டுபிடிச்சது 1952-ல நீலகிரி மலைமக்கள்கிட்டதான்.

என் மாமியாருக்கு வேற மாதிரி. பாதம் மரத்துப்போச்சு, நாக்கு வெந்த மாதிரி சிவந்துச்சு. அவங்களுக்கு அணு பெருசு. பி12 சத்துக் குறைவுன்னு ஊசி போட்டாங்க, தேறிட்டாங்க. ஒரே வீட்ல ரெண்டு ரத்தக் குறைவு, மருந்து வேற வேற.

இதைக் கேட்டுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. நம்மில் நிறையப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான். தீட்டு அதிகமா போறது, செருப்பில்லாம காட்டுல நடந்து கொக்கிப்புழு ஏறுறது எல்லாம் காரணம். சோத்தோட காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. காபி விளையுற மலையில இதைச் சொல்றது கஷ்டம்தான்! நெல்லிக்காய் சேர்த்துக்கோங்க. ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிட்டும் 1 புள்ளிகூட ஏறலைன்னா, "எனக்கு இது என்ன வகை?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

என் வீட்டுக்காரர் டெஸ்ட் எடுக்க மூணு வாரம் இழுத்தடிச்சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இந்தக் கூறு இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் முழு நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்தா வாழ்நாள் பூரா ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். அவருக்கு இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்.

நாம சொந்தத்துலதான் பொண்ணு எடுக்கிறோம். என் தம்பிக்கும் அத்தை மகளைப் பேசியிருக்காங்க. ரெண்டு பேரும் முதல்ல டெஸ்ட் எடுக்கட்டும்னேன். பொண்ணுக்குக் குறை சொல்றேன்னு அத்தைக்குக் கோபம். அம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசலை. "அத்தை, கூறு இருக்கிற நான் நல்லாத்தானே நிக்கிறேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னேன். வர்ற வியாழக்கிழமை ரெண்டு பேரையும் நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போறேன். அத்தையும் கூட வர்றேன்னு நேத்து சொல்லியனுப்பினாங்க.