கூட்டுறவு வங்கிகளின் வீழ்ச்சியும் டெபாசிட்தாரர் பாதுகாப்பும்

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



புனே நகரில் 1912இல் தொடங்கப்பட்ட ரூபீ கூட்டுறவு வங்கியின் உரிமத்தை 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ரத்து செய்து ஆணையிட்டது. செப்டம்பர் 22 அன்று அந்த ஆணை நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. போதிய மூலதனம் இல்லை, வருமானம் ஈட்டும் வாய்ப்பில்லை, டெபாசிட்டுகளை முழுமையாகத் திருப்பித் தர இயலாது என்பவை கூறப்பட்ட காரணங்கள். 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட டெபாசிட்தாரர்கள் முழுத்தொகையையும் பெற உரிமையுடையவர்கள் என்ற ஆறுதலும் கூடவே அளிக்கப்பட்டது. இந்த ஆறுதலை நாம் பரிசீலிக்க வேண்டும்.

முதலாவது, காலம். இந்த வங்கியின் மீது 2013 பிப்ரவரியிலேயே கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பிற வங்கிகளுடன் இணைக்கும் முயற்சிகள் கைகூடவில்லை. உரிமம் ரத்தாகும் வரை ஒன்பதரை ஆண்டுகள் கடந்தன. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டு வைத்திருந்த முதியவருக்கு இது எத்தகைய தண்டனை! கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகையை வழங்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது.

இரண்டாவது, கணக்கு. 99 சதவீதம் என்பது தலைகளின் எண்ணிக்கை. பணத்தின் அளவு அன்று. ஒரு வங்கியின் அனைத்துக் கிளைகளிலும் ஒருவருக்குள்ள அசலும் வட்டியும் சேர்த்துக் காப்பீட்டு வரம்பு 5 லட்சம் ரூபாய். 1993இல் 1 லட்சமாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரியில்தான் உயர்த்தப்பட்டது. நூறு குடும்பங்கள் வாழும் குடியிருப்பின் வீட்டுவசதிச் சங்கம் கட்டடப் பழுதுபார்ப்புக்காகச் சேர்த்த நிதிக்கும் அதே 5 லட்சம்தான். புள்ளிவிவரத்தில் அந்த நூறு குடும்பங்களும் ஒரே ஒரு டெபாசிட்தாரர். மீதித் தொகைக்கு, சொத்துக்களை விற்றுக் கடன்களை வசூலிக்கும் கலைப்பு அதிகாரியின் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு. 2019 செப்டம்பரில் முடங்கிய பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில், மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கு மேல் எச்.டி.ஐ.எல். என்ற ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்துக்குச் சென்றிருந்தது. அதை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டதாகப் புலனாய்வில் தெரியவந்தது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்தும் இது கண்ணில் படவில்லை. முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் எனச் சொல்லப்பட்டது வாடிக்கையாளருக்கு!

கூட்டுறவு என்றாலே இப்படித்தான் என்று சிலர் வாதிடுகின்றனர். எஸ் வங்கி கூட்டுறவு வங்கியா? 2020 மார்ச் 5 அன்று அந்தத் தனியார் வங்கியின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பொதுத்துறையின் ஸ்டேட் வங்கி 6,050 கோடி ரூபாயுடன் களமிறக்கப்பட்டது. மார்ச் 18 அன்று கட்டுப்பாடு நீங்கியது. தனியார் பெருவங்கிக்கு 13 நாட்கள். சிறுசேமிப்பாளர்களின் வங்கிக்கு ஒன்பதரை ஆண்டுகள். அரசு யாருடைய நலனைக் காக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையா?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. தனிநபர்கள், தொழிற்சங்கங்கள், வீட்டுவசதிச் சங்கங்கள் ஆகியோரின் டெபாசிட்டுகளுக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும். பெருங்கடனாளிகளின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து வசூலிக்க வேண்டும். நிர்வாகக் குழுக்களில் ஊழியர்களும் டெபாசிட்தாரர்களும் இடம்பெற வேண்டும். கலைக்கப்படும் வங்கிகளின் ஊழியர்களுக்கு மாற்றுப்பணி உறுதி செய்யப்பட வேண்டும்.

இவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றினால் மட்டும் போதாது. ஒரு வங்கி முடங்கும் அன்றே, அதன் வாசலில் திகைத்து நிற்கும் மக்களிடம் நமது தோழர்கள் செல்ல வேண்டும். காப்பீட்டுத் தொகைக்கான ஆவணங்களைத் திரட்ட உதவ வேண்டும். வங்கி ஊழியர்களையும் டெபாசிட்தாரர்களையும் எதிரெதிராக நிறுத்தும் முயற்சிகளை முறியடித்து, இருவரையும் ஒரே போராட்டக் குழுவில் இணைக்க வேண்டும். கூட்டுறவு இயக்கத்தை அதன் உண்மையான உரிமையாளர்களிடம் மீட்டுத் தரும் பணி அங்கிருந்தே தொடங்குகிறது.