மண்ணும் ஓர் அமானிதமே



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 70,000க்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். பெரும்பாலோருக்குப் புத்தளம் புகலிடமளித்தது. 2009 மே மாதம் போர் ஓய்ந்தபின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய ஊர்களுக்கு ஒரு பகுதியினர் மீண்டனர். அவர்களை வரவேற்றது காடு மண்டிய காணியே. வாப்பாவின் கையில் காணி உறுதி இருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த மகனுக்கோ அந்தக் காணியைப் பற்றி ஒரு நினைவேனும் இருக்கவில்லை. உறுதி உரிமையைத் தரும், உறவைத் தராது.

அவ்வாறாயின் உறவு எதனால் உண்டாகும்? பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்தை நோக்குங்கள். 1977 இனவன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல அங்கே குடியேறின. அவர்களுக்கு அது பிறந்த மண்ணன்று. 2009 ஜனவரியில் போர் அவ்வூர் மக்களையும் இடம்பெயரச் செய்தது. மீண்டு வந்தோர் மறுபடியும் பயிர் செய்தனர். அந்நிய மண்ணைச் சொந்த மண்ணாக்கியது அவர்களது உழைப்பே.

இளைஞர்களே! சூரத்துல் வாகிஆவில் அல்லாஹுத்தஆலா, நாம் விதைப்பதை முளைக்கச் செய்பவன் யார் எனச் சிந்திக்குமாறு பணிக்கின்றான். காய்கறியைக் கடையில் மட்டுமே கண்டவர் அவ்வினாவின் ஆழத்தை உணர்வது அரிது. மாரி மழைக்கு முன் பாத்தி கட்டி, எருவிட்டு, வெண்டி விதை ஊன்றிப் பாருங்கள். ஏறத்தாழ 50 நாளில் முதற்காய் கைக்கு வரும். அதற்கிடையில் பூச்சியும் பெருமழையும் உங்கள் இயலாமையை உங்களுக்கு உணர்த்திவிடும். பறிக்கும்போது 'அல்ஹம்துலில்லாஹ்' என்பது நாவிலிருந்தன்றி நெஞ்சிலிருந்தே எழும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தில் மட்டுமே மண்வெட்டியை வையுங்கள்.

பெற்றோர்களே! 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கியதை நாம் கண்டோம். ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடப் பணிக்கப்பட்ட சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று. பஞ்சம் வந்து கற்பிக்கும்வரை காத்திராமல், மண்வெட்டி பிடிக்க இன்றே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அந்தக் காணியில் முன்பு எங்கே கிணறு இருந்தது, எங்கே முருங்கை நின்றது என்பதையும் பாத்தியோரம் நின்று சொல்லிக்கொடுங்கள்.

விளைச்சலில் பிறருக்கும் பங்குண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நெல்லுக்கு ஸகாத் உண்டு, காய்கறிக்கு இல்லை. எனினும் ஸதகாவின் வாயில் திறந்தே இருக்கின்றது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கறி சமைத்தால் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறும் போதித்துள்ளார்கள். அண்டை வீட்டார் தமிழராயினும் கடமை அதுவே. போர் அறுத்த உறவை ஒரு கூடை கத்தரிக்காய் முழுமையாக இணைத்துவிடாது. ஆனால் அடைபட்ட படலையைத் திறக்கும்.

உங்கள் முதற்காயைப் பறித்ததும் அதில் ஒரு பங்கை வேலிக்கு அப்பால் கொடுங்கள். அன்றுதான் அந்த ஊர் உங்களுக்கும் ஊராகும்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.