“30 பர்சென்ட் சீனிதான்ப்பா!”

இன்னைக்கு பபிள் டீ பற்றிப் பேசலாம். கையில் கப்போடு கேட்கிறவங்க அதை ஒளிச்சு வைக்க வேண்டாம், குடிச்சுக்கிட்டே கேளுங்க. போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான்.

எனக்கு 29 வயசு. வேலை தஞ்சோங் பகாரில். மாலை நாலு மணியானா ஆபீஸ் சாட்டில் ஒரே கேள்விதான்: “யாருக்கு என்ன வேணும்?” எனக்கு எப்பவும் பால் டீ, பெர்ல்ஸ், 30 பர்சென்ட் சீனி. வாரத்துக்கு ஐந்து கப். இந்த ஊருக்கு இதன் மேல் எவ்வளவு ஆசைன்னா, 2020 ஏப்ரல் 21 ராத்திரி ஞாபகம் இருக்கா? கிருமி முறியடிப்பு நேரத்தில் பபிள் டீ கடைகளை மூடப் போறாங்கன்னு சொன்னதும் தீவு முழுக்க வரிசை நின்றது. அந்த வரிசையில் நானும் நின்றேன்.

எங்க அப்பாவுக்கு 12 வருஷமா நீரிழிவு. இன்சுலின் போடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பிக் கடையில் வழக்கமான தே ஓ கோசோங்கை விட்டுட்டு ஒரு தே தாரிக் சொன்னார். நான் பிடிச்சு ஒரு லெக்சரே கொடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, என் கையைப் பார்த்தார்.

“உன் கப்புல எவ்வளவு சீனிம்மா?”

“30 பர்சென்ட்தான்ப்பா!”

“எதுல 30?”

எனக்குப் பதில் தெரியலை. அடுத்த மாதம் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 6.3. இங்கே 6.1-லிருந்து 6.9 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. பபிள் டீ மட்டுமே காரணம்னு நான் சொல்லலை. அப்பா வழியில் வருது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஆனா அந்த மூன்றில் நான் நாளைக்கே மாற்றக்கூடியது அந்தக் கப் ஒன்றுதான்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். அந்த 30 பர்சென்ட் என்பது கடைக்காரர் வழக்கமா ஊற்றும் சீனிப்பாகில் 30 பர்சென்ட். மொத்தக் கப்பில் இல்லை. பெர்ல்ஸ் ஏற்கனவே பாகில் ஊறித்தான் வருது. அந்தப் பெர்ல்ஸ் வேற ஒண்ணுமில்லை, மரவள்ளிக்கிழங்கு மாவு. நம்ம ஜவ்வரிசியின் தைவான் சொந்தக்காரர். கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, நார்ச்சத்து இல்லைன்னே சொல்லலாம். அதாவது சீனியைக் குறைச்சாலும் பெர்ல்ஸ் குறையலை.

2023 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் பெரிய கடைகள் அங்கேயே கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேடு உண்டு. ஏ-யிலிருந்து டி வரைக்கும். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. 400 மில்லி குடித்தால் 40 கிராமுக்கு மேல், அதாவது எட்டு டீஸ்பூன். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25. ஒரு முக்கியமான விஷயம்: அந்த எழுத்து பானத்துக்கு மட்டும்தான். பெர்ல்ஸில் உள்ள சீனியைத் தனியா கிராமில் போட்டிருப்பாங்க. இரண்டையும் நாமதான் கூட்டிப் பார்க்கணும். நான் இத்தனை நாள் எழுத்தை மட்டும் பார்த்துட்டு நகர்ந்துட்டேன்.

இன்னொன்று, சீனியைக் குடிக்கும்போது வயிறு நிறைந்த மாதிரி தெரியாது. நாலு மணிக்கு அவ்வளவு கலோரி உள்ளே போன பிறகும் ஏழு மணிக்கு அதே பசியோடு சாப்பிட உட்காருவேன். டீயில் காஃபின் வேற. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடிச்சுட்டு, ஏன் தூக்கம் வரலைன்னு போனை நோண்டிக்கிட்டு இருந்த ஆளும் நானேதான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பெர்ல்ஸ் கொடுக்காதீங்க. தடித்த ஸ்ட்ராவில் வேகமா வரும் உருண்டை தொண்டையில் அடைக்கலாம்.

முழுசா விட்டுட்டீங்களான்னு கேட்டால், இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சின்னக் கப். பாலில்லாத டீ, சீனி பூஜ்யம், பெர்ல்ஸ் மட்டும் வைத்துக்கொண்டேன். எனக்குப் பிடிச்சது அந்த மெல்லும் சுகம்தான், அதை ஏன் விடணும்? மற்ற நாள்களில் ஆபீஸ் சாட்டில் “எனக்கு வேணாம்” என்று போடுவது முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டமா இருந்தது. இப்போ பழகிடுச்சு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஆளுக்கொரு தே ஓ கோசோங். லெக்சரை நான் நிறுத்திட்டேன். அப்பா மட்டும் அப்பப்போ “எதுல 30?” என்று கேட்டுச் சிரிப்பார்.

அடுத்த மாதம் மறுபடியும் ரத்தப் பரிசோதனை. நம்பர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இங்கேயே சொல்றேன். உங்க வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால், நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த வாரம் பேசலாம்.