சித்தப்பா யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?



'தொற்றும் தனிமனித நடத்தையும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதுமே எனக்கு 2020 மே மாதம்தான் நினைவுக்கு வந்தது. மே 4 அன்று தமிழ்நாட்டில் புதிதாக 527 பேருக்குக் கொரோனா. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122. பெரும்பாலும் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய கூலித் தொழிலாளர்கள். மறுநாள் சந்தையை மூடினார்கள். அதற்குள் எங்கள் பக்கம் 'கோயம்பேட்டுக்காரன்' என்பது வசைச்சொல்லாகிவிட்டது.

என் சித்தப்பா அங்கே மூட்டை தூக்கியவர். பேருந்து கிடையாது. காய்கறி லாரியில் ஏறி, சிதம்பரத்துக்கு முன்னாலேயே இறங்கி, இருட்டில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். சுகாதாரத் துறைக்குச் சொல்லலாமா என்று என்னைத்தான் கேட்டார். வீட்டில் படித்தவன் நான். "ரெண்டு நாள் பாப்போம் சித்தப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். ஊர்ப்பக்கம் வயல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். தகரத்தைப் பிரித்த பிறகும் 'அந்தத் தெருவாலதான் வந்துச்சு' என்ற பேச்சு போகாது. அந்த இரண்டு நாளில் அவர் ரேஷன் கடை வரிசையிலும் நின்றார், ஒரே அறையில் ஆயாவோடும் படுத்தார். ஆயாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். ஆயா மட்டும் பிறகு முன்போல நடக்கவில்லை.

கொரோனா, காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அதிகமாகப் பரவக்கூடியது. ஆகவே ஆயாவுக்கு முதல் நாளே தொற்றியிருக்கலாம். அதற்காக என்னுடைய இரண்டு நாள் கணக்கிலிருந்து கழிந்துவிடாது. அது என் நடத்தை. யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆனால் கணக்கு அங்கே தொடங்கவும் இல்லை. தொற்றியவர்களில் பலர் யாருக்குமே கடத்துவதில்லை. 10 முதல் 20 விழுக்காட்டினரிடமிருந்தே ஏறத்தாழ 80 விழுக்காடு தொற்று கிளம்புகிறது என்று சில ஆய்வுகள் மதிப்பிட்டன. அந்தச் சிலர் கெட்டவர்கள் அல்ல. நெரிசலில், காற்றோட்டமில்லாத இடத்தில், கத்திப் பேசியபடி நெடுநேரம் இருக்க நேர்ந்தவர்கள். கோயம்பேடு 295 ஏக்கர், 3,000க்கும் மேற்பட்ட கடைகள். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25 அன்று சனம் சந்தைகளில் மொய்த்தது. பீதியில் காய் வாங்க வந்தவரின் நடத்தையும் நடத்தைதான். அறிவிப்பை அப்படி வெளியிட்டவரின் நடத்தையும் நடத்தைதான். வசை என்னவோ மூட்டை தூக்கியவருக்கு மட்டும்.

இன்னொன்று. 'சமூக இடைவெளி' என்று காதில் விழும்போதெல்லாம் எனக்கு உறுத்தியது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. இங்கே பழைய சொல்லே ஓடியது, பழக்கமான சொல்லாயிற்றே! கிருமிக்கு யார் எந்தத் தெருவில் பிறந்தார் என்பது தெரியாது. தீட்டுக்கு அது மட்டும்தான் தெரியும். அதே ஆண்டு ஜூலையில், சிதம்பரத்தை அடுத்த தெற்குத் திட்டை ஊராட்சியில் கூட்டம் நடந்தது. மற்றவர்கள் நாற்காலியில், தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில். அக்டோபரில் படம் வெளியான பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கொள்ளைநோய்க் காலத்திலும் நம் மாவட்டம் தவறாமல் கடைப்பிடித்த இடைவெளி அது.

ஊர் இப்படி இருக்கும்போது காய்ச்சலை ஒருவர் மறைக்கிறார் என்றால், அவருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதற்கு முன், சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். நாளைக்கு வேறு ஒரு வைரஸ் வரும்போதும் இதையே கேட்க வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு காய்கறிச் சந்தை திரும்பத் திறந்தது. சித்தப்பா அந்த வாரமே கிளம்பினார். பேருந்தில் ஏறும்போது கேட்டார்: "இந்தத் தடவ காச்ச வந்தா யார்கிட்டடா சொல்றது?" எனக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கேள்விகளுக்குப் போகலாம்.