பால்மரப் பலகையில் ஒரு கிட்டார் பெட்டி



தோட்டத்துக் கோயில் திருவிழாவானாலும் பட்டணத்துத் திருமண விருந்தானாலும் மேடையில் ஓர் இசைக்குழு இருக்கும். கிட்டார் ஒலி எடுபடாவிட்டால் வாசிப்பவரைக் குறை சொல்கிறோம். அல்லது விலை உயர்ந்த ஆம்பிளிஃபையர் வாங்கச் சொல்கிறோம். ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் மரப்பெட்டியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒலியின் தன்மையில் பெரும் பங்கு அந்தப் பெட்டிக்கு உண்டு. அதை வீட்டிலேயே செய்யலாம். அதற்கேற்ற மரமும் மலாக்கா மண்ணிலேயே இருக்கிறது.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. இரண்டும் கலந்தால் கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்புறம் முழுதும் மூடிய பெட்டியில் கீழ்ச்சுரம் இறுக்கமாக வரும். பாதி திறந்த பெட்டியில் கீழ்ச்சுரம் மெலிந்தாலும் ஒலி கூடமெங்கும் பரவும். சிறிய மண்டபத்துக்கு இதுவே போதும்.

1950-களில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் பைன் மரப் பலகையில் பெட்டி செய்தது. 1960-களில் இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் கனமான பிளைவுட்டில் செய்தது. அவரவர் கைக்கு எட்டிய மரத்தில்தான் உலகப் புகழ் பெற்ற ஒலி பிறந்தது.

மலாக்காவின் கைக்கு எட்டிய மரம் எது? 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. இம்மாநிலத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவினார்கள். ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் வெறும் விறகுதான். தன் பாலில் செய்த ரப்பர் தகட்டை உலர்த்தும் புகைக்கூடத்திலேயே அது எரிந்தது. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால் விரைவில் உளுத்துவிடும். போரான் உப்பேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. இன்று அண்டையிலுள்ள மூவாரின் தளவாடத் தொழிலில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

பதப்படுத்தி ஒட்டிய ரப்பர் பலகை, 18 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தால் போதும். ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்கு அகலம் 20, உயரம் 18, ஆழம் 10 அங்குலம் என்பது நல்ல அளவு. நான்கு பக்கப் பலகைகளிலும் மர ரேகை பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். ஈரக் காற்றில் பலகை விரிந்து சுருங்கும்போது நான்கும் சேர்ந்தே அசையும், மூட்டு பிளக்காது. மூலைகளை விரல் கோத்ததுபோல் பல் வெட்டி, மரப்பசையிட்டு, ஒரு நாள் இறுக்கி வைக்க வேண்டும். ரம்பம் பழகாதவர்கள் தச்சுப் பட்டறையில் வெட்டி வாங்கலாம். ஸ்பீக்கர் பொருந்தும் முன்பலகை மட்டும் பிளைவுட்டாக இருக்கட்டும். துளை சுமார் 11 அங்குலம். வெட்டுமுன் கையிலுள்ள ஸ்பீக்கரை அளந்துகொள்க. கடைசியில் உள்ளும் புறமும் வார்னிஷ். ஓர் ஆணி தளர்ந்தாலும் பெட்டி கடகடக்கும்.

இனி, கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டியவை. ஆம்பிளிஃபையரின் பின்புறம் குறித்துள்ள ஓம் எண்ணும் ஸ்பீக்கரின் ஓம் எண்ணும் பொருந்த வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். தொடர் இணைப்பில் 16 ஓம். வால்வு ஆம்பிளிஃபையரை ஸ்பீக்கர் இல்லாமல் முடுக்கினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும். அதன் மின்பகுதியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பல நூறு வோல்ட் உள்ளே தேங்கியிருக்கும், உயிரைப் பறிக்கும். மரவேலை நம்முடையது, மின்வேலை தேர்ந்தவருடையது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பலகையும் ரம்பமுமாக நிற்கும் பிள்ளையை, படிப்பை விட்டு விளையாடுகிறான் என்று விரட்டாதீர்கள். அளவு, கணக்கு, பொறுமை மூன்றையும் அவன் அங்கே கற்கிறான். தாத்தா பால் எடுத்த மரத்தில் பேரன் இசை எடுக்கட்டும்.