பழைய மடிக்கணினியும் தோட்டத்துச் சொற்களும்



கெடா மாநிலத்தின் கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. மரம் போனபின் அத்தொழிலின் சொற்களும் வழக்கொழிகின்றன. கித்தா, பெரட்டு, ஒட்டுப்பால் முதலிய சொற்களை இன்று பெரும்பாலும் முதியோர் வாயிலாகவே கேட்கிறோம். ‘கித்தா’ மலாய் மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்தது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’, ஆங்கிலப் ‘பரேட்’டின் திரிபு. இவ்விரு சொற்களும் நம் முன்னோர் யார் யாரோடு வாழ்ந்தனர், யாரிடம் உழைத்தனர் என்பதற்குச் சான்றாகும்.

அம்முதியோரின் பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும். பதிந்ததை எங்கே வைப்பது என்பதே வினா. கைப்பேசி பழுதானால் பதிவும் போகும். கட்டணச் சேமிப்பகமோ கட்டணம் நின்றால் மூடப்படும். அலமாரியில் உறங்கும் பழைய மடிக்கணினியையும் இரண்டு புறவன்தட்டுகளையும் கொண்டு வீட்டிலோ பள்ளியிலோ ஒரு வழங்கியை நாமே அமைக்கலாம்.

வழங்கிக்கு வேகம் மிகுதியாக வேண்டுவதில்லை. டெபியன் போன்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ‘சம்பா’ மென்பொருளால் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால், அதே வலையமைப்பிலுள்ள கணினிகள் அனைத்தும் அதைக் காணும். மூடியை மூடினாலும் கணினி உறங்காதவாறு அமைத்தல் வேண்டும். இணையத்துக்குத் திறந்துவிடத் தேவையில்லை. வீட்டு வலையமைப்புக்குள் இருப்பதே பாதுகாப்பு.

மின்தடை நேர்ந்தால் மடிக்கணினியின் மின்கலம் சிறிது நேரம் தாங்கும். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் இது பெரும் நன்மை. ஆயினும் எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் பழைய மின்கலம் உப்பக்கூடும். உப்பியதைக் கண்டவுடன் பயன்பாட்டை நிறுத்தி, தக்கவரைக் கொண்டு அகற்ற வேண்டும்.

ஒரே தட்டில் உள்ளது காக்கப்பட்டதாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஆகவே முதல் தட்டு வழங்கியோடு இருக்க, இரண்டாவது வேறோர் ஊரில் இருக்கட்டும். கூலிமில் வழங்கி இருந்தால் படி அலோர் ஸ்டாரில் இருக்கலாம். மாதம் ஒருமுறை அதைப் புதுப்பித்து, சில கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

தட்டு பிழைத்தாலும் எழுத்து பிழைக்காமல் போகலாம். பழைய பள்ளி மலர்கள் பல, தத்தமக்கெனக் குறியீடு கொண்ட எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிப்பது கடமை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. அவ்வழி நமக்கும் திறந்தே உள்ளது.

ஒவ்வொரு பதிவுடனும் பேசியவர், தோட்டம், நாள், பதிந்தவர் ஆகிய விவரங்களை எழுதி வையுங்கள். பேசியவரின் இசைவைப் பெறுங்கள். அவர் மறுத்தால் பதிய வேண்டா. இவ்விவரங்கள் இல்லாத ஒலி, நாளைய ஆய்வாளனுக்குப் பாதிப் பயனே தரும்.

தட்டுகளை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பால்மரம் சீவிய கைகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. ஆகவே இவ்விடுமுறையிலேயே உங்கள் பாட்டி, தாத்தாவிடம் கேட்கத் தொடங்குங்கள்.