கிரஹணமும் எங்கள் அம்மாவும்

(கலூரில் நடந்த குடும்ப சங்கமத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கிரஹணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. கிரஹணம் பார்க்கப் போய் ஏமாந்து வந்தவன். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அப்போது எனக்குப் பத்து வயது. மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். கார்வார், ஹூப்ளி, ராய்ச்சூர் பக்கமெல்லாம் பூரண கிரஹணம், நமக்குப் பாதி கிரஹணம்தான். ஆனால் பயத்தில் பாதி, முழுசு என்று கிடையாதே! அம்மா ஜன்னல்களையெல்லாம் சாத்தி, கண்ணாடிக்கு மேல் அப்பாவின் பழைய வேஷ்டியைக் கட்டிவிட்டாள். ஊறுகாய் ஜாடி, தயிர், மாவு எல்லாவற்றிலும் தர்ப்பை. அப்பா ஸ்நானம் செய்து தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தார். "ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வரேனே" என்று கெஞ்சினேன். "கண்ணு போயிடும்டா" என்று ஒரே வார்த்தை. வெளியே என்னதான் நடக்கிறது என்ற ஏக்கம் அன்றைக்கு மனசில் விழுந்தது.

அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். 2019 டிசம்பர் 26, விகாரி வருஷம் மார்கழி 10, சபரிமலை மண்டல பூஜைக்கு முந்தின நாள். கங்கண கிரஹணம். அதாவது, சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால் அதன் பிம்பம் சிறியதாகி, சூரியனை முழுக்க மறைக்க முடியாமல் ஓரத்தில் ஒரு வளையம் மிஞ்சும். காசர்கோடு, கண்ணூர், வயநாடு, கோழிக்கோடு, பாலக்காடு வழியாக அந்தப் பாதை கோயம்புத்தூர், திருச்சி என்று போனது. எர்ணாகுளம் பாதைக்கு வெளியே. இங்கே பெரும்பகுதி மறையுமே தவிர வளையம் கிடையாது.

வளையம் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூர்தான் நல்ல இடம் என்று பத்திரிகைகள் எழுதின. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. "வயநாட்டுக்குப் போவோம், மலை மேலே வானம் சுத்தமாக இருக்கும்" என்றார் ஒரு நண்பர். அப்பா காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. கிரஹண தர்ப்பணம் நான்தான் செய்ய வேண்டும். "தர்ப்பணத்தை விட்டுட்டா போறாய்?" என்று அம்மா கேட்டாள். "ஒரு தடவைதானேம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

ராத்திரியோடு ராத்திரியாகத் தாமரச்சேரி சுரம் ஏறி விடியற்காலம் கல்பற்றா சேர்ந்தோம். பெரிய கூட்டம். பள்ளிக் குழந்தைகள் அட்டைக் கண்ணாடியோடு வரிசையாக நின்றார்கள். எட்டு மணிக்கு மேல் கிரஹணம் தொடங்கியிருக்க வேண்டும். மேகம். ஒன்பது மணிக்கும் மேகம். வளையம் தெரிய வேண்டிய ஒன்பதரை மணியை ஒட்டி ஏதோ மழைக்கு முன் மங்குவது போல வெளிச்சம் குறைந்தது. மூன்று நிமிஷத்தில் மறுபடி பளிச்சென்றாகிவிட்டது. அவ்வளவுதான்! அதே நேரத்தில் செறுவத்தூரில் வளையம் தெளிவாகத் தெரிந்தது என்று பிறகு டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று டெல்லியில் மேகத்தால் பார்க்க முடியாமல் போன பிரதமரே கோழிக்கோட்டுக் காட்சியை நேரலையில் பார்த்ததாக எழுதினார். கோழிக்கோட்டைத் தாண்டித்தான் நாங்கள் மலையேறினோம்!

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. வளையம் தெளிவாகத் தெரிந்த ஊர்களில்கூட, "இருட்டவே இல்லையே" என்று பலர் குறைப்பட்டார்கள். சூரியனில் ஆறு சதவீதம் மிஞ்சினாலே போதும், அது பௌர்ணமி நிலவைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். பகல் ராத்திரியாவது பூரண கிரஹணத்தில் மட்டும்தான்.

பெரிய பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. நார்மன் லாக்கியர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1870-இல் கிரஹணம் பார்க்க சிசிலிக்குப் போனார். வழியில் கப்பல் பாறையில் மோதியது. தப்பிப் பிழைத்துக் கரை சேர்ந்தால், அங்கே மேகம். பூரண கிரஹணத்தை ஒன்றரை விநாடிதான் பார்த்தாராம். மனிதர் விடவில்லை. மறு வருஷம், 1871 டிசம்பர் 12-ஆம் தேதி பூரண கிரஹணத்துக்கு அவர் வந்த இடம் எது தெரியுமா? நம்முடைய பேக்கல் கோட்டை! செறுவத்தூர் இருக்கும் அதே காசர்கோடு மாவட்டம். அந்தத் தடவை அவருக்கு வானம் திறந்தது.

என் கதைக்கு வருகிறேன். திரும்பி வரும் வழியில் அகத்துக்கு ஃபோன் செய்தேன். என் பெண்தான் எடுத்தாள். "அப்பா, பாட்டி கிரஹணம் பார்த்தா!" என்றாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. 1980-இல் ஜன்னலுக்கு வேஷ்டி கட்டினவள் ஆயிற்றே!

நடந்தது இது. அம்மா உள்ளே ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். முற்றத்து மாமரத்தடியில் என் பெண் எதையோ பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். இலைகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளை மாதிரி வேலை செய்து, தரையில் சூரியனின் பிம்பத்தை விழச் செய்யும். மற்ற நாளில் அவை வெறும் வட்டங்கள், நாம் கவனிப்பதில்லை. அன்றைக்குத் தரை முழுக்க நூற்றுக்கணக்கான பிறைகள்! அம்மா நிலைப்படியைத் தாண்டி வந்து, "நான் தரையைத்தானே பார்க்கறேன், தோஷம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லி, மோக்ஷம் ஆகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தாளாம். புடவைத் தலைப்பை விரித்து அதில் பிறைகளை ஏந்திக்கொண்டாளாம்.

ராத்திரி நான் போய்ச் சேர்ந்ததும் தர்ப்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ ஆகாசத்தைத் தேடிண்டு போனாய், அது நம்மாத்து வாசலுக்கு வந்துதுடா" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள். அது தர்ப்பணத்தைப் பற்றிக் கேட்டதைவிட உறைத்தது. 2022-இல் அம்மாவும் போய்விட்டாள். இப்போது கிரஹண தர்ப்பணத்தில் அவள் பெயரையும் சொல்ல வேண்டும்.

2031 மே 21-ஆம் தேதி மறுபடியும் ஒரு கங்கண கிரஹணம் கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் தாண்டிப் போகப் போகிறது. பகவான் ஆயுசு கொடுத்தால் நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. கலூரிலேயே ஸ்நானம், தர்ப்பணம் முடித்து, அந்த மாமரத்தடியில் உட்காரப் போகிறேன். மேலே பார்ப்பவர்கள் தரமான கிரஹணக் கண்ணாடி இல்லாமல் ஒரு விநாடியும் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. "கண்ணு போயிடும்டா" என்று அம்மா சொன்னதில் தப்பே இல்லை.